ஒரு ஜன்னலை மாற்ற ஏன் அனுமதி? காப்புப் பட்டியலில் உள்ள விக்டோரிய வீடும் அதன் கட்டுமானமும்

பிரிட்டிஷ் நாளிதழ்களில் அடிக்கடி வரும் செய்தி இது. லண்டனில் பழைய வீடொன்றை வாங்கியவர், குளிர்காற்று புகும் மரஜன்னல்களைக் கழற்றிவிட்டு இரட்டைக் கண்ணாடி பதித்த பிளாஸ்டிக் ஜன்னல்களைப் போட்டார். உள்ளாட்சி மன்றம் அவற்றை எடுத்துவிட்டுப் பழையபடி மரத்திலேயே செய்து மாட்டச் சொல்லிவிட்டது. காரணம், வீடு 'கிரேட் டூ லிஸ்டட்'. படிக்கிறவருக்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன. சொந்தக் காசில் வாங்கிய வீட்டின் ஜன்னலைத் தொட அடுத்தவர் அனுமதி எதற்கு? 150 ஆண்டுப் பழைய மரச்சட்டத்தில் காப்பாற்ற என்னதான் இருக்கிறது?

இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தால் முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும். விக்டோரிய வீட்டில் சுவர், சாந்து, ஜன்னல், தரை, புகைபோக்கி எல்லாம் ஒன்றையொன்று நம்பி நிற்பவை. ஒன்றை மாற்றினால் அதன் கேடு வேறோர் இடத்தில், சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். சட்டத்தின் சொற்கள் 'கட்டடக்கலை, வரலாற்றுச் சிறப்பு' என்றே பேசுகின்றன. ஆனாலும் அனுமதி மறுக்கப்படும் வேலைகளில் பல, கட்டடத்தின் ஆயுளையும் குறைப்பவை. அதனால் கட்டுமானத்தை முதலில் பார்த்துவிட்டுச் சட்டத்துக்கு வருவதுதான் நல்ல வரிசை. அதற்கு முன் 'பட்டியல்' என்பது என்ன என்று சுருக்கமாக.

பட்டியல் என்றால் என்ன?

இங்கிலாந்தில் காக்கத்தக்கவை என்று அரசு முடிவுசெய்த கட்டடங்களின் தேசியப் பட்டியலில் சுமார் 4 லட்சம் பதிவுகள் உள்ளன. மூன்று தரங்கள்:

1. முதல் தரம் (கிரேட் 1): மொத்தத்தில் ஏறத்தாழ 2.5 விழுக்காடு. லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தின் முகப்பில் நிற்கும் பழைய மிட்லண்ட் கிராண்ட் ஹோட்டல், பெக்ஸ்லிஹீத்தில் வில்லியம் மோரிஸுக்காக ஃபிலிப் வெப் வரைந்த 'ரெட் ஹவுஸ்' ஆகியவை இதில் சேரும்.
2. இரண்டாம் தரம் நட்சத்திரம் (கிரேட் 2 ஸ்டார்): சுமார் 5.8 விழுக்காடு.
3. இரண்டாம் தரம் (கிரேட் 2): மீதி எல்லாம், அதாவது பத்தில் ஒன்பதுக்கும் மேல். செய்திகளில் வரும் வீடுகள் பெரும்பாலும் இவைதான்.

தரம் குறைந்தால் கட்டுப்பாடும் தளரும் என்பது பரவலான தவறு. மூன்று தரத்துக்கும் சட்டம் ஒன்றே. மேல் தரங்களில் விண்ணப்பத்தை 'ஹிஸ்டாரிக் இங்கிலாந்து' என்ற அரசு அமைப்பும் பார்க்கும் என்பது முக்கிய வேறுபாடு. ஸ்காட்லாந்தில் தரப் பெயர்கள் வேறு. இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு.

1700-க்கு முன் கட்டி இன்றும் பழைய நிலையை ஒட்டி இருக்கும் கட்டடங்கள் அனைத்தும், 1700 முதல் 1850 வரையிலானவற்றில் பெரும்பாலானவையும் பட்டியலில் இடம்பெறும். விக்டோரியா 1837 முதல் 1901 வரை அரசாண்டார். அவர் காலத்து வீடுகளில் பெரும்பகுதி 1850-க்குப் பிந்தியவை. அவை இன்றும் லட்சக்கணக்கில் நிற்பதால் தேர்ந்தெடுத்தே சேர்க்கிறார்கள். ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வால்தம்ஸ்டோ பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகளில் பல விக்டோரிய, எட்வர்டிய காலத்தவை. மிகச் சில மட்டுமே பட்டியலில் இருக்கும். ஆனால் கட்டுமானம் ஒன்றேதான் என்பதால், கீழே சொல்லும் பழுதுகள் அந்த வீடுகளுக்கும் அப்படியே பொருந்தும்.

18, ஸ்டாஃபர்ட் டெரஸ்

எடுத்துக்காட்டுக்கு ஒரே வீட்டைக் காட்ட வேண்டுமென்றால் கென்சிங்டனில் உள்ள 18, ஸ்டாஃபர்ட் டெரஸ் பொருத்தமானது. அரண்மனை அல்ல, 1870களின் தொடக்கத்தில், விற்பதற்கென்றே கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. 'பஞ்ச்' இதழின் கேலிச்சித்திரக்காரர் லின்லி சாம்போர்ன், மேரியனை மணந்த மறு ஆண்டு, 1875இல், இதில் குடியேறினார். விலை 2,000 பவுண்டு. அதுவும் நிலத்தோடு சேர்ந்த முழு உரிமைக்கல்ல, மீதமிருந்த 89 ஆண்டுக் குத்தகைக்கு. இந்தக் குத்தகை முறையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். விற்றுவிட்டுப் போகிற கட்டுநர் முகப்பில் செலவழித்தார், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மிச்சம் பிடித்தார். இந்த வகை வீடுகளின் பாதிப் பழுதுகள் அங்கிருந்தே தொடங்குகின்றன.

சாம்போர்ன் 1910இலும் மேரியன் 1914இலும் இறந்த பிறகு, மகன் ராய் 1946 வரை அங்கேயே, ஏறக்குறைய எதையும் மாற்றாமல் வாழ்ந்தார். வீடு பிறகு பெண்வழியில் போய், பேத்தி ஆன், ரோஸ் சீமாட்டி, பொறுப்பில் வந்தது. அந்தக் காலத்தில் விக்டோரியப் பாணி என்றாலே அழகற்றது என்பது பொதுக்கருத்து. அதை எதிர்த்து, 1957 நவம்பரில் இந்த வீட்டின் வரவேற்பறையில் கூடிய கூட்டத்திலிருந்துதான் 1958இல், அந்தக் காலத்துக் கட்டடங்களைக் காக்கப் போராடும் விக்டோரியன் சொசைட்டி பிறந்தது. கவிஞர் ஜான் பெட்ஜமன், கட்டடக்கலை வரலாற்றாளர் நிகோலஸ் பெவ்ஸ்னர் ஆகியோர் அதன் முன்னோடிகள்.

தொடக்கத்தில் தோல்விகளே. லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தின் நுழைவாயிலாக 1837இல் எழுந்த யூஸ்டன் வளைவை 1961 டிசம்பரில் இடிக்கத் தொடங்கினார்கள். லண்டன் நிலக்கரிச் சந்தைக் கட்டடம் 1962இல் போயிற்று. 1967இல் மிட்லண்ட் கிராண்ட் ஹோட்டலுக்கு முதல் தரம் கிடைத்தது பெரிய திருப்பம். பட்டியல் கட்டடத்தைத் தொட முன்அனுமதி கட்டாயம் என்ற இன்றைய முறை 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அதற்கு முன், இடிக்கப்போவதாக அறிவிப்புக் கொடுத்துவிட்டு உரிமையாளர் காத்திருந்தால், அரசு தனியாகத் தலையிட்டால்தான் கட்டடம் தப்பும்.

ஸ்டாஃபர்ட் டெரஸ் வீடு 1980இல் பொதுச் சொத்தாகி, இன்று கென்சிங்டன்–செல்சி உள்ளாட்சி மன்றத்தின் கீழ் அருங்காட்சியகமாக இருக்கிறது.

தளம் தளமாக

அகலம் குறைவு, ஆழமும் உயரமும் அதிகம்: இதுதான் லண்டன் வரிசை வீட்டின் அடிப்படை. தெருமுகப்பு நிலம் விலை உயர்ந்தது என்பதால் வீடு மேல்நோக்கி வளர்ந்தது. ஒவ்வொரு தளத்துக்கும் சமூகத்தில் ஓர் இடம் உண்டு.

அடித்தளம் பாதி மண்ணுக்குள் இருக்கும். சமையலறையும் வேலைக்காரர்கள் புழங்கும் இடமும் அங்கே. தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே தோண்டிவிட்ட திறந்த பள்ளம் அடித்தள ஜன்னலுக்கு வெளிச்சம் தரும். நடைபாதைக்கு அடியில் நிலக்கரி அறை. அதற்கு மேலே நடைபாதையில் வட்டமான இரும்பு மூடி. தரைத்தளத்தில் முன்புறம் உணவறை, பின்புறம் காலை நேர அறை. முதல் தளம்தான் வீட்டின் பெருமை. ஸ்டாஃபர்ட் டெரஸில் அந்தத் தளம் முழுவதும், முன்சுவர் முதல் பின்சுவர் வரை, ஒரே வரவேற்பறை. மேலே படுக்கையறைகள், உச்சியில் குழந்தைகளும் வேலைக்காரப் பெண்ணும். பின்னாளில் சாம்போர்ன் அந்த உச்சித் தளத்தைத் தன் வேலைக்கூடமாக்கிக்கொண்டார். புகைப்படங்களைப் பார்த்து வரைகிறவர் அவர். படங்களைக் கழுவக் குளியலறையைப் பயன்படுத்தினார்.

இந்தப் படிநிலையைக் கட்டுமானத்திலேயே காணலாம். மேலே போகப் போகக் கூரை உயரம் குறையும், ஜன்னல் சிறுக்கும், சீலிங் ஓரத்துப் பூவேலை எளிதாகும், கதவுச் சட்டம் மெலியும், சுவரின் கனமும் குறையும். அதனால்தான் மேல்மாடியின் எளிய மரக்கதவை எடுத்துவிட்டு முதல்தளத்தின் அலங்காரக் கதவைப் போல ஒன்றை மாட்ட விண்ணப்பித்தால் அதிகாரிகள் தயங்குகிறார்கள். எளிமையும் அங்கே ஒரு சான்று.

சுவர்: எல்லாம் தொடங்கும் இடம்

பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் சுவர் வழக்கமாக ஒன்பது அங்குலம், அதாவது சுமார் 225 மி.மீ. முன்சுவர் கீழ்த்தளங்களில் பதின்மூன்றரை அங்குலம் வரை போகலாம். நடுவில் இடைவெளி இல்லாத திண்ணிய செங்கல் சுவர். அஸ்திவாரத்தில் கான்கிரீட் இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். சுவரின் அடியைச் செங்கல்லாலேயே படிப்படியாக அகலப்படுத்தி மண்மேல் நிறுத்தியிருப்பார்கள். லண்டனின் களிமண் மழைக்காலத்தில் வீங்கும், கோடையில் சுருங்கும். வீடும் ஆண்டுதோறும் சிறிது அசையும்.

அசையும் சுவர் விரிசல் விடாமல் நிற்பது சாந்தால்தான். அது சுண்ணாம்புச் சாந்து. கல்லைச் சுட்டு, நீற்றி, மணலோடு குழைத்துப் பூசிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாகிறது. அந்தச் சாந்துக்கு மூன்று குணங்கள்:

1. செங்கல்லைவிட மிருதுவானது. அசைவை ஏற்றுக்கொள்ளும், உடைந்தால் சாந்துதான் உடையும், செங்கல் தப்பும்.
2. நீராவியை விடும். மழையில் சுவர் நனையும். வெயிலிலும் காற்றிலும் அந்த ஈரம் செங்கல் இடுக்குகளின் வழியாக வெளியேறும். நனைவதும் காய்வதும் இந்தச் சுவரின் இயல்பு.
3. மயிரிழை விரிசல்களைத் தானே ஓரளவு மூடிக்கொள்ளும். கரைந்த சுண்ணாம்பு விரிசலில் படிந்து மறுபடி இறுகும்.

இப்போது இடுக்குகளில் சிமென்ட் வைத்துப் பூசினால் என்ன ஆகும்? சிமென்ட் செங்கல்லைவிடக் கடினம், நீரையும் எளிதில் விடாது. வெளியேற வழியில்லாத ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கும். குளிர்காலத்தில் அது உறைந்து விரியும்போது செங்கல்லின் முகம் செதிள் செதிளாக உதிரும். சூளையில் நன்றாக வெந்த கடினமான முகத்தோல் போனபின் உள்ளே இருப்பது மென்மையான பகுதி. அடுத்தடுத்த குளிர்காலங்களில் இன்னும் வேகமாகக் கரையும். சிமென்ட் கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டு, நடுவில் செங்கற்கள் குழிந்திருக்கும் சுவர்களை லண்டன் தெருக்களில் நிறையப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் கடுக்காய்ச் சாறு விட்டு அரைத்த சுண்ணாம்பால் கட்டிய பழைய வீடுகளில் சிமென்ட் பூசிய பிறகு சுவர் உப்புப் பொரிவதும் இதே காரணத்தால்தான்.

சரியான முறை கடினமல்ல, ஆனால் பொறுமை வேண்டும். பழைய சாந்தை உளியால் கையாலேயே, இடுக்கின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழத்துக்கு, பொதுவாக 20 முதல் 25 மி.மீ. வரை எடுக்க வேண்டும். மின்சார அறுவைச் சக்கரம் வைத்தால் செங்கல்லின் விளிம்பு போய் இடுக்கு நிரந்தரமாக அகலமாகிவிடும். தூசியை நீக்கி, செங்கல்லை நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு நன்கு சலித்த மணல் என்ற அளவில் கலந்த சாந்தை அழுத்தி வைக்க வேண்டும். பிறகு ஈரச் சாக்கு போர்த்தி, வெயிலும் உறைபனியும் படாமல் சில நாட்கள் காக்க வேண்டும். 5 டிகிரிக்குக் கீழே போகும் பருவத்தில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

கட்டுநர் மிச்சம் பிடித்த இடம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். முகப்பில் நீளமுகமும் குறுமுகமும் மாறி மாறித் தெரியும்படி செங்கல் அடுக்கியிருக்கும். குறுமுகம் தெரியும் செங்கல் சுவரின் உள்ளே ஆழமாகப் போய் முன்தோலையும் பின்பகுதியையும் பிணைக்க வேண்டும். விலை உயர்ந்த முகப்புச் செங்கல்லை மிச்சப்படுத்த, பலர் அதை இரண்டாக உடைத்து முகத்துக்கு மட்டும் வைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் நாலரை அங்குல முன்தோல் தனியே பிரிந்து வயிறு தள்ளுகிறது. சுவரை இடிக்காமல், துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை ஊடே செலுத்தி இரண்டையும் தைப்பதுதான் இன்றைய சிகிச்சை.

ஜன்னல்

செய்தியில் அடிபடுவது பெரும்பாலும் ஜன்னல் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். கண்ணாடி வரி 1845இலும் ஜன்னல் வரி 1851இலும் நீக்கப்பட்டன. அதன் பிறகு சிறு சிறு கண்ணாடிக் கட்டங்கள் மறைந்து பெரிய கண்ணாடிகள் வந்தன. கனம் கூடியதால் மேல்சட்டத்தின் கீழ்மூலைகளில் சிறு கொம்புபோல மரம் நீட்டிவிட்டு மூட்டை வலுப்படுத்தினார்கள். ஒரு ஜன்னலின் காலத்தைக் கணிக்க இந்தக் கொம்பு நல்ல தடயம்.

இந்த ஜன்னலை 'சாஷ்' என்பார்கள். மேலும் கீழும் நகரும் இரண்டு சட்டங்கள். இருபுறமும் உள்ளே வெற்றிடமுள்ள மரப்பெட்டி. பெட்டிக்குள் வார்ப்பிரும்பு எடைக்கட்டிகள் கயிற்றில் தொங்கும். கயிறு கப்பியின் மேல் போய்ச் சட்டத்தைப் பிடித்திருக்கும். ஒரு சட்டத்துக்கு இரண்டு எடைகள், ஒவ்வொன்றும் சட்டத்தின் எடையில் பாதி. மேல்சட்டத்தின் எடைகளைப் பாதியைவிடச் சிறிது கூட்டியும் கீழ்ச்சட்டத்தின் எடைகளைச் சிறிது குறைத்தும் வைப்பார்கள். அப்போதுதான் ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் இறுக்கமாகப் பொருந்தி நிற்கும்.

இதன் பெரிய சிறப்பு, முழுதும் பிரிக்கக்கூடியது என்பதே. கயிறு அறுந்தால் செய்ய வேண்டியவை:

1. உள்பக்கம் ஓரமாக ஆணியடித்த மரப்பட்டியின் பெயின்ட் கோட்டைக் கத்தியால் கீறி, நடுவிலிருந்து நெம்பி எடுக்க வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். உலர்ந்த நிலையில் தேய்க்கவோ நெருப்பால் சுடவோ கூடாது.
2. கீழ்ச்சட்டத்தை அறைப் பக்கமாகச் சாய்த்து எடுத்துக் கயிற்றை விடுவிக்க வேண்டும். பிறகு இரு சட்டங்களுக்கும் நடுவிலுள்ள மெல்லிய பட்டி, அதன் பின் மேல்சட்டம்.
3. பக்கச் சட்டத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு பலகைத் துண்டு கழன்று வரும். பல அடுக்குப் பெயின்டின் கீழ் மறைந்திருப்பதால் இதைத் தெரியாமல் பெட்டியையே உடைப்பவர்கள் உண்டு. எடைக்கட்டியை அதன் வழியாக எடுக்கலாம்.
4. புதுப் பருத்திக் கயிற்றைக் கப்பி வழியாக விட்டு, எடையைக் கட்டி, சட்டத்தில் பொருத்த வேண்டும். சட்டம் முழுக்க உயர்ந்த நிலையில் எடை பெட்டியின் அடியைத் தொடக்கூடாது. தொட்டால் கயிறு தளர்ந்து கப்பியிலிருந்து நழுவும்.

அடிச்சட்டம் இற்றிருந்தால் இற்ற பகுதியை மட்டும் வெட்டி அதே வகை மரத்தை ஒட்டுப் போடலாம். அந்தக் காலத்து மரம் பால்டிக் பகுதியில் மெல்ல வளர்ந்த ஊசியிலை மரம். வளைய வரிகள் நெருக்கமாக இருக்கும். இன்று மரக்கடையில் கிடைக்கும் வேகமாக வளர்ந்த மரத்தைவிட நீடித்து உழைக்கும். பிளாஸ்டிக் ஜன்னலிலோ, இரட்டைக் கண்ணாடியின் விளிம்பு அடைப்புப் போய் உள்ளே நீர் பனித்தால் அந்தக் கண்ணாடி அலகையே தூக்கி எறிய வேண்டும்.

குளிர் மட்டும் உண்மையான பிரச்சினை. அதற்கும் வழி இருக்கிறது. சட்டங்கள் உரசும் இடங்களில் தூரிகைப் பட்டை பதித்தால் காற்று வரத்து பெரிதும் குறையும். அறைப் பக்கத்தில் தனியாக இன்னொரு கண்ணாடிச் சட்டம் பொருத்தினால், சோதனைகளில் கண்ணாடி வழி வெப்ப இழப்பு சுமார் 60 விழுக்காடு குறைந்திருக்கிறது. ஜன்னலின் மூல மரக்கதவுகள் இன்னும் இருந்தால், இரவில் அவற்றைச் சாத்துவதாலேயே பாதியளவு குறைகிறது. உள்கண்ணாடியை எந்த நாளும் கழற்றிவிடலாம் என்பதால் அதற்கு ஒப்புதல் எளிதில் கிடைக்கும். பழைய சட்டத்திலேயே இரட்டைக் கண்ணாடி பதிப்பது அவ்வளவு எளிதல்ல: கனம் கூடும், எடைக்கட்டியையும் கூட்ட வேண்டும், பெட்டிக்குள் நீளமான இரும்புக்கு இடம் இருக்காது, ஈயத்தில் வார்க்க வேண்டிவரும்.

தரையும் சீலிங்கும்

அடித்தளம் இல்லாத பகுதிகளில் தரை மண்ணைத் தொடாது. மரச்சட்டங்கள் மேல் பலகை. கீழே காற்று ஓடும் வெற்றிடம். வெளிச்சுவரின் அடியில் துளையுள்ள செங்கல்கள் அந்தக் காற்றுக்கு வழி. பின்புறம் சிமென்ட் தளம் போட்டோ பூச்செடிக்கு மண் நிரப்பியோ அந்தத் துளைகளை அடைத்துவிடுவது மிகப் பொதுவான தவறு. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை பிடிக்கும். அதில் கொடியது 'ட்ரை ராட்'. செங்கல் சுவரின் ஊடாகவும் இழை விட்டுப் பரவி, அடுத்த அறையின் மரத்தைத் தேடிப் போகும். ஆனால் ஈரத்தின் மூலத்தை அடைத்துக் காற்றை ஓடவிட்டால் அதன் வளர்ச்சி நின்றுவிடும். வீடு முழுக்க மருந்தடிக்கச் சொல்கிறவர் முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று காட்ட வேண்டும்.

மாடித் தரைச் சட்டங்களின் நுனிகள் வெளிச்சுவரின் உள்ளே செருகியிருக்கும். சுவரின் உட்புறத்தில் வெப்பக் காப்புப் பலகை ஒட்டினால் சுவர் குளிர்ந்துபோகும். நுனிகளில் ஈரம் சேர்ந்து, வெளியே எதுவும் தெரியாமலே இற்றுப்போகும். நீராவியை விடும் மரநார்ப் பலகையைச் சுண்ணாம்புப் பூச்சோடு, மிதமான கனத்தில் வைப்பதுதான் ஆபத்துக் குறைந்த வழி.

அறைகளுக்கு நடுவிலுள்ள தடுப்பைத் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலிக்கும். அதனால் அதை இடித்துவிடலாம் என்று நினைக்கக்கூடாது. பல வீடுகளில் தடுப்பின் உள்ளே சாய்வுச் சட்டங்கள் வைத்து அதையே உத்திரம்போல ஆக்கியிருப்பார்கள். மேல்தளத்தின் பாரம் அதில்தான் நிற்கும். எடுத்த சில மாதங்களில் மேலறைக் கதவு இறுகும், பிறகு தரை தொய்யும்.

சீலிங்கில் சுமார் ஓர் அங்குல அகல மரக்கீற்றுகளைச் சிறு இடைவெளி விட்டு அடித்து, மாட்டு மயிர் கலந்த சுண்ணாம்பை மூன்று பூச்சாகப் பூசியிருப்பார்கள். முதல் பூச்சு இடைவெளி வழியே மேலே பிதுங்கிக் கொக்கிபோல் இறுகும். முழு சீலிங்கையும் தாங்குவது அந்தக் கொக்கிகளே. மேல்தளத்தில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் அவை முறியும். சீலிங் உப்பி இறங்கும். பல நேரங்களில் மேலே தரைப்பலகையை எடுத்து, கொக்கிகளின் மேல் புதுச் சாந்து ஊற்றிப் பிடிக்கவைக்கலாம். ஓரத்துப் பூவேலைகளைக் காப்பாற்ற அது ஒன்றே நல்ல வழி.

கூரையும் புகைபோக்கியும்

தெருவிலிருந்து பார்த்தால் பல லண்டன் வீடுகளுக்குக் கூரையே தெரியாது. கைப்பிடிச் சுவரின் பின்னால், நடுவில் தாழ்ந்து பக்கங்களில் உயர்ந்த கூரை ஒளிந்திருக்கும். மழைநீர் முழுவதும் நடுவிலுள்ள ஈயத் தகட்டுக் கால்வாயில் விழுந்து பின்புறம் ஓடும். அங்கே இலை அடைத்தால் தண்ணீர் நேராக வீட்டின் நடுவுக்கு இறங்கும். ஈயம் வெயிலில் விரியும் என்பதால் தகடு நீளமாக இருக்கக்கூடாது. மெல்லிய தகடு 1.5 மீட்டரைத் தாண்டினால் சில ஆண்டுகளில் கிழியும். ரயில் கொண்டுவந்த வேல்ஸ் ஸ்லேட் கல் நூறாண்டைத் தாண்டி நிற்கும். முதலில் தோற்பது அதைப் பிடித்த இரும்பாணிதான். செம்பாணியால் அதே கல்லை மறுபடி வேயலாம்.

கணப்பு இருந்த ஒவ்வோர் அறையிலிருந்தும் தனிப் புகைவழி மேலே போகும். கணப்பைச் செங்கல் வைத்து முழுக்க மூடினால் மேலிருந்து விழும் மழையும் பழைய கரிப்படிவின் உப்பும் சேர்ந்து சுவரில் மஞ்சள் பழுப்புக் கறை படியும். மேலே ஒரு தொப்பியும் கீழே ஒரு காற்றுத்துளையும் போதும். கீழ்த்தளத்துக் கணப்புச் சுவரை மட்டும் இடித்து, மேலே டன் கணக்கான செங்கல்லை அந்தரத்தில் விடும் வேலை உயிருக்கே ஆபத்து. பட்டியலில் இல்லாத வீட்டிலும் அதற்குப் பொறியாளரின் கணக்கு கட்டாயம் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இன்று நடப்பில் இருப்பது 1990ஆம் ஆண்டின் பட்டியல் கட்டடங்கள், காப்புப் பகுதிகள் பற்றிய திட்டமிடல் சட்டம். குழப்பம் வரும் இடங்கள் இவை:

1. முகப்பு மட்டுமல்ல, வீட்டின் உள்ளும் புறமும் காப்பில் அடங்கும். பட்டியல் பதிவில் ஒரு பொருள் எழுதப்படவில்லை என்பதால் அதற்குக் காப்பு இல்லை என்று ஆகாது. அந்தப் பதிவு வீட்டை அடையாளம் காட்டத்தான்.
2. வீட்டு வளாகத்தில் 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே நிற்கும் சுற்றுச்சுவர், கொட்டகை போன்றவையும் சேரும்.
3. அதே பொருளால், அதே முறையில் செய்யும் பழுதுவேலைக்கு ஒப்புதல் தேவையில்லை. வீட்டின் இயல்பைத் தொடும் மாற்றத்துக்குத் தேவை. அறுந்த கயிற்றை மாற்றக் கேட்க வேண்டாம். ஜன்னலை மாற்றக் கேட்க வேண்டும்.
4. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. வழக்கமான கெடு 8 வாரம். முழுவதுமாகவோ பகுதியாகவோ இடிப்பதென்றால் விக்டோரியன் சொசைட்டி போன்ற அமைப்புகளிடமும் கருத்துக் கேட்பார்கள். 1837 முதல் 1914 வரையிலான கட்டடங்கள் அதன் பொறுப்பு.
5. ஒப்புதல் இன்றிச் செய்தால் குற்றவியல் குற்றம். இரண்டாண்டு வரை சிறையும் வரம்பில்லா அபராதமும் விதிக்கலாம். பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லும் ஆணைக்குக் காலவரம்பே கிடையாது. முந்தைய உரிமையாளர் செய்ததையும் இன்றைய உரிமையாளரே சரிசெய்ய வேண்டிவரும்.

ஐந்தாவது விதி வாங்குகிறவருக்கு மிக முக்கியம். புது ஜன்னல், எடுத்துவிட்ட தடுப்பு, மூடிய கணப்பு எதைக் கண்டாலும் அதற்கான ஒப்புதல் ஆவணத்தை விற்பவரிடம் வழக்கறிஞர் மூலம் கேட்டு வாங்க வேண்டும். 'காப்புப் பகுதி' என்பது வேறு: அது தெருவின் அல்லது ஒரு பகுதியின் தோற்றத்தைக் காக்கும் ஏற்பாடு, வீட்டின் உட்புறத்தைத் தொடாது.

ஓதம் கண்டால் எந்த வரிசையில் தேடுவது

சுவரில் ஓதம் தெரிந்தவுடன் துளையிட்டு ரசாயனம் ஏற்ற விலை சொல்பவர்கள் வருவார்கள். அவர்கள் கையிலுள்ள கருவி மின்கடத்தலை அளக்கிறது. சுவரில் உப்பு இருந்தாலும் ஈரம் என்றே காட்டும். அதற்கு முன் பார்க்க வேண்டியவை:

1. மழை பெய்யும்போது வெளியே நின்று மழைநீர்ப் பீலியும் குழாயும் ஒழுகுகின்றனவா என்று பார்க்க வேண்டும். குழாயின் பின்பக்கம் விரிசல் விட்டிருப்பது உலர்ந்த நாளில் தெரியாது.
2. வெளித்தரை உள்தரையைவிட 150 மி.மீ.யாவது தாழ்ந்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் மேல் மேலாகப் போட்ட தளங்களால் அது உயர்ந்திருக்கும்.
3. காற்றுத்துளைகள் திறந்திருக்கின்றனவா?
4. வெளியே சிமென்ட் பூச்சோ நீர்புகாப் பெயின்டோ இருக்கிறதா? உள்ளே பிளாஸ்டிக் தன்மையுள்ள எமல்ஷன் பூசியிருக்கிறதா?
5. குளியலறை, சமையலறைக் குழாய்க் கசிவு.

காரணத்தை நீக்கிய பிறகு சுவர் உடனே காயாது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு; முழுக்க நனைந்த ஒன்பது அங்குலச் சுவருக்கு ஏறத்தாழ ஒன்பது மாதம். அதுவரை கெட்ட பூச்சை எடுத்துவிட்டுச் செங்கல்லைத் திறந்தே வைத்து, மேலே பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் கூட்டியெடுத்து வீட்டுக்கு வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த பிறகு சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை.